தங்கவயலின் வலது இதயம்

முழங்காலுக்குக் கீழே, முன்னெலும்பின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்துங்கள். பத்து விநாடி போதும். விரலை எடுத்ததும் தோல் பழையபடி எழும்பிவிட்டால் கவலையில்லை. பிசைந்த மாவில் விரல் பதிந்த மாதிரி ஒரு குழி அப்படியே நின்றால் உடம்பில் நீர் கோத்திருக்கிறது என்று பொருள். அடுத்து கழுத்தைப் பார்க்க வேண்டும். சாய்ந்து உட்கார்ந்திருக்கும்போதும் கழுத்து நரம்பு புடைத்துத் துடித்தால், இதயத்தின் வாசலில் ரத்தம் உள்ளே போக முடியாமல் வரிசை கட்டி நிற்கிறது. வலது விலாவுக்குக் கீழே தொட்டால் வலிக்கும், கல்லீரல் வீங்கியிருக்கும். எக்கோ கருவி வருவதற்கு முன்பு மருத்துவர்கள் இவ்வளவையும் கையாலும் கண்ணாலும்தான் கண்டுபிடித்தார்கள். வலது பக்க இதயம் தளர்ந்துபோனதற்கான அடையாளங்கள் இவை.

கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்குள் முப்பது வருடம் துளை போட்ட ஒருவருக்கு இந்த மூன்று அடையாளங்களும் இருந்தால், அவருடைய நோய் இதயத்தில் தொடங்கவில்லை. தொடங்கிய இடம் பூமிக்கு அடியில் ஆயிரக்கணக்கான அடி கீழே, கல்லும் இரும்பும் உரசிய ஒரு முனையில். அங்கிருந்து நுரையீரலுக்கு ஏறி, பல வருடம் அங்கே குடியிருந்து, கடைசியில் இதயத்துக்கு வந்து சேர்ந்தது. கடைசிச் சீட்டில் மட்டும் 'ஹார்ட்' என்று எழுதியிருக்கும்.

இந்தக் கட்டுரை அந்தப் பயணத்தைப் பற்றியது. அதைப் படித்து எழுதிய சில மருத்துவர்களையும் பற்றியது. அவர்களில் முக்கியமானவர் தங்கவயலுக்கு வந்து வேலை பார்த்தவர் இல்லை. டெல்லியில், அடுப்புப் புகையில் இருமிக்கொண்டு வந்த பெண்களைப் பரிசோதித்தவர்.

கல்லுக்குள் தங்கம், கல்லே விஷம்

1880-இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் கோலாருக்கு வந்தது. கூலிக்கு ஆள் வந்தது பெரும்பாலும் வட ஆர்க்காட்டிலிருந்து, ஆதிதிராவிடத் தமிழர்கள். பக்கத்துச் சித்தூரிலிருந்து தெலுங்கர்களும் வந்தார்கள். 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து நூற்று நாற்பது கிலோமீட்டருக்கு மேல் கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவந்தார்கள். பெங்களூருக்கே அப்போது மின்விளக்கு வரவில்லை. சேம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. அந்த ஆழத்தில் பாறையின் சூடு அறுபது டிகிரிக்கு மேல். குளிர்ந்த காற்றை அனுப்பினால்தான் மனிதன் நிற்கவே முடியும்.

தங்கம் அங்கே தனியாகக் கிடப்பதில்லை. வெள்ளைக் கல் என்று சொல்கிறோமே, குவார்ட்ஸ், அதன் நரம்புகளுக்குள் கண்ணுக்குத் தெரியாத பொடியாக ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரு டன் கல்லை உடைத்தால் சில கிராம் தேறும். நூற்று இருபது வருடத்தில் எண்ணூறு டன் தங்கத்தை எடுத்தார்கள் என்றால், அதற்காகப் பொடியாக்கிய கல் எவ்வளவு என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ராபர்ட்சன்பேட்டைக்கும் மாரிக்குப்பத்துக்கும் இடையில் மலை மாதிரி நிற்கும் சயனைடு மேடுகள் அந்தக் கணக்கின் மிச்சம்தான்.

குவார்ட்ஸ் என்பது படிகமான சிலிக்கா. அதைத் துளையிடும்போதும் வெடி வைக்கும்போதும் பறக்கும் தூசியில் கண்ணுக்குத் தெரிகிற துகள் பெரிய ஆபத்தில்லை. மூக்கிலும் தொண்டையிலும் சிக்கிச் சளியோடு வெளியே வந்துவிடும். கண்ணுக்குத் தெரியாததுதான் எமன். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் அதில் ஐந்து பங்குக்கும் குறைவான துகள் நுரையீரலின் கடைசிக் காற்றுப்பை வரை போய்விடும். அங்கே காவல் நிற்கும் செல் அதை விழுங்கும். விழுங்கிய செல் செத்துப்போகும். துகள் சாகாது. அடுத்த செல் வந்து விழுங்கும், அதுவும் சாகும். ஒவ்வொரு சாவும் கொஞ்சம் வீக்கத்தையும் கொஞ்சம் தழும்பையும் விட்டுப் போகும். அந்தத் தழும்பு உருண்டு திரண்டு முடிச்சாகும். வேலையை விட்டு வெளியே வந்து பத்து வருடம் ஆன பிறகும் உள்ளே இந்த வேலை நடந்துகொண்டேயிருக்கும். சிலிக்கோசிஸ் என்பது இதுதான். இன்றுவரை இதைத் திருப்பிச் சரிசெய்ய மருந்து கிடையாது.

தங்கவயலில் ஒரு வழக்கம் இருந்தது. ஷிப்ட் முடிந்து மேலே வரும் தொழிலாளி தங்கத்தை ஒளித்துக் கொண்டுவருகிறானா என்று உடம்பைச் சோதிப்பார்கள். அதற்கென்றே மைசூர் சமஸ்தானத்தில் தனிச் சட்டம் இருந்தது. வாய், துணி, செருப்பு எல்லாம் பார்ப்பார்கள். தினமும் அவன் உண்மையிலேயே உடம்புக்குள் வைத்து வெளியே கொண்டுவந்த பொருள் ஒன்று உண்டு. அதை அந்த வாசலில் யாரும் தேடவில்லை.

தேடிய முதல் ஆட்களில் ஒருவர் ஆன்டனி கேப்லன் என்ற வெள்ளைக்கார மருத்துவர். தங்கவயல் மருத்துவமனையில் வேலை பார்த்தவர். 1947-இல் வந்த அவரது ஆய்வில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களின் மார்பு எக்ஸ்ரே பார்க்கப்பட்டது. நூற்றுக்கு நாற்பது பேருக்கும் மேல் சிலிக்கோசிஸ். இந்தியாவில் இந்த நோய் முதன்முதலில் முறையாகப் பதிவானது இங்கேதான் என்று பொதுச் சுகாதாரப் பாடப்புத்தகங்கள் இன்றும் எழுதுகின்றன. எம்பிபிஎஸ் படிக்கும் பிள்ளைகள் 'கோலார், 1947' என்று மனப்பாடம் செய்து ஒரு மார்க் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

கேப்லன் பிறகு வேல்ஸ் நாட்டின் கார்டிஃபுக்குப் போய் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களைப் பார்த்தார். மூட்டுவாதமும் நுரையீரலில் தூசியும் சேர்ந்திருக்கும் ஆட்களின் எக்ஸ்ரேயில் ஒரு தனி மாதிரி முடிச்சு தெரிவதை 1953-இல் எழுதினார். உலகம் முழுக்க அதற்குக் 'கேப்லன் சிண்ட்ரோம்' என்று பெயர். அந்தக் கண் பழகியது எங்கே? ஆண்டர்சன்பேட்டையிலும் ஊரிகத்திலும் இருந்து வந்த நம் ஆட்களின் நெஞ்சுப் படங்களை ஆயிரக்கணக்கில் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்த கண் அது. பாடப்புத்தகத்தில் கேப்லன் பெயர் இருக்கிறது. மற்றவர்கள் சதவீதமாக இருக்கிறார்கள்.

வைண்டிங் எஞ்சினும் டிராலி தள்ளுகிறவரும்

நுரையீரல் கெட்டால் இதயம் ஏன் கெட வேண்டும்? இதைச் சொல்ல தங்கவயலைவிட நல்ல உவமை கிடைக்காது.

இதயத்தில் கீழறை இரண்டு. இடது கீழறை ஷாஃப்டின் மேலே நின்று கூண்டை ஏற்றி இறக்கும் வைண்டிங் எஞ்சின் மாதிரி. தலை உச்சியிலிருந்து உள்ளங்கால்வரை ரத்தத்தை ஏற்றி இறக்க வேண்டும். அதனால் அதன் சுவர் ஒரு சென்டிமீட்டர் தடிமன். நூற்று இருபது என்று நாம் பிரஷர் பார்க்கிறோமே, அது இந்த எஞ்சினின் பலம். வலது கீழறை அப்படியில்லை. சமதளத்தில் தண்டவாளத்தின் மேல் டிராலி தள்ளும் ஆள் அது. பக்கத்திலேயே இருக்கும் நுரையீரலுக்கு ரத்தத்தைத் தள்ளிவிட்டால் போதும். அதன் சுவர் மூன்று, நான்கு மில்லிமீட்டர்தான். அழுத்தம் இருபத்தைந்தைத் தாண்ட வேண்டியதில்லை.

இப்போது அந்தத் தண்டவாளம் மேடாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சிலிக்கா முடிச்சுகள் நுரையீரலின் ரத்தக்குழாய்களை நெரிக்கின்றன. சில குழாய்கள் அழிந்தே போகின்றன. இன்னொரு பக்கம், நுரையீரலுக்கே ஒரு குணம் உண்டு. எந்த இடத்தில் காற்று சரியாக வரவில்லையோ அந்த இடத்துக்குப் போகும் ரத்தக்குழாயைத் தானே சுருக்கிக்கொள்ளும். வீணான இடத்துக்கு ரத்தம் போகக் கூடாது, நல்ல இடத்துக்குத் திருப்பிவிட வேண்டும் என்ற சிக்கனம். ஒரு மூலையில் சளி கட்டினால் இது நல்ல ஏற்பாடு. நுரையீரல் முழுக்கவே ஆக்ஸிஜன் குறைந்தால்? எல்லாக் குழாயும் ஒரே நேரத்தில் சுருங்கும். திருப்பிவிட நல்ல இடமே இருக்காது. டிராலி தள்ளுகிற ஆள் மேட்டில் தள்ள வேண்டும். முதலில் தோள் பெருக்கிறது. அதாவது வலது கீழறையின் சுவர் தடிக்கிறது. வருடக்கணக்கில் தள்ளித் தள்ளி ஒருநாள் முட்டி மடிகிறது. பின்னால் வந்த டிராலிகள் எல்லாம் தேங்குகின்றன. கழுத்து நரம்பு, கல்லீரல், கால் வீக்கம்.

இதற்கு 'கோர் பல்மொனாலே' என்று பெயர். லத்தீன் சொல், 'நுரையீரல் இதயம்' என்று வைத்துக்கொள்ளலாம். 1930-களின் தொடக்கத்தில் இந்தப் பெயரை மருத்துவ உலகில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் பாஸ்டனில் இருந்த பால் டட்லி ஒயிட். 1955-இல் அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவருக்கு மாரடைப்பு வந்தபோது கூப்பிட்டு அனுப்பிய மருத்துவர் அவர்தான்.

இங்கே நம் மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. 'ஹார்ட் ஃபெயிலியர்' என்பதை 'இதயச் செயலிழப்பு' என்று மொழிபெயர்த்து வைத்திருக்கிறோம். அதைக் கேட்ட வீட்டுக்காரர்கள் இதயம் நின்றுவிட்டது என்று நினைத்து அழ ஆரம்பித்துவிடுகிறார்கள். இல்லையென்றால், 'நடக்கிறார், பேசுகிறார், எப்படி செயலிழப்பு?' என்று நம்பாமல் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். இதயம் நிற்கவில்லை, தளர்ந்திருக்கிறது. தேவைப்படும் அளவுக்கு இறைக்க முடியவில்லை, அவ்வளவுதான். 'இதயத் தளர்ச்சி' என்று சொல்லியிருந்தால் பாதி குழப்பம் தீர்ந்திருக்கும். கலைச்சொல் குழுக்கள் நோயாளியின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்வதில்லை.

மக்வேயிலிருந்து டெல்லிவரை

பால் டட்லி ஒயிட்டிடம் 1950-களின் தொடக்கத்தில் ஒரு தமிழ்ப் பெண் படிக்கப் போனார். சிவராமகிருஷ்ண ஐயர் பத்மாவதி. 1917-இல் பர்மாவின் மக்வே நகரத்தில் பிறந்தவர், அப்பா வக்கீல். ரங்கூன் மருத்துவக் கல்லூரியில் படித்து முடித்தார். 1942-இல் ஜப்பான் படை பர்மாவுக்குள் நுழைந்தபோது அம்மாவும் பெண்பிள்ளைகளும் தப்பி கோயம்புத்தூருக்கு வந்து சேர்ந்தார்கள். ஆண்கள் அங்கேயே நின்றுவிட்டார்கள். போர் முடிந்த பிறகுதான் குடும்பம் ஒன்றுசேர்ந்தது. 1949-இல் லண்டன் போனார். அங்கிருந்து ஸ்வீடன், பிறகு அமெரிக்கா. ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஹெலன் டாசிக்கிடம் குழந்தைகளின் இதயக் கோளாறுகளைப் பற்றிப் படித்தார்; பிறகு ஹார்வர்டில் ஒயிட்டிடம்.

திரும்பி வந்ததும் டெல்லி லேடி ஹார்டிங் கல்லூரியில் வேலை. சுகாதார அமைச்சராக இருந்த ராஜ்குமாரி அம்ரித் கவுர் அழைத்துக் கொடுத்த வேலை அது. பெண்களுக்கான கல்லூரி, பெண்களுக்கான மருத்துவமனை. இந்தியாவின் முதல் பெண் இதயநோய் நிபுணர் என்று பத்மாவதியைச் சொல்வார்கள். அந்தப் பட்டத்தைவிட அங்கே அவர் கண்ணில் பட்டது எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

அப்போது பாடப்புத்தகம் என்ன சொன்னது? கோர் பல்மொனாலே ஆண்களின் நோய். சிகரெட் பிடிக்கும், சுரங்கத்திலும் தொழிற்சாலையிலும் வேலை செய்யும், ஐம்பது அறுபது வயது ஆண்கள். லண்டனிலும் ஷெஃபீல்டிலும் அப்படித்தான் இருந்தது. டெல்லியிலோ கால் வீங்கி, உதடு நீலம் பாரித்து வந்தவர்களில் பெண்கள் ஏராளம். சிகரெட்டைத் தொட்டுப் பார்க்காத பெண்கள். வயதும் குறைவு. மழைக்காலம் போய்க் குளிர் இறங்கியதும் வார்டு நிரம்பிவிடும்.

பத்மாவதியும் அவருடன் வேலை செய்த பாதக்கும் 127 நோயாளிகளை ஆராய்ந்து 1959-இல் அமெரிக்க இதயச் சங்கத்தின் 'சர்க்குலேஷன்' இதழில் எழுதினார்கள். கட்டுரையின் தலைப்பிலேயே டெல்லி இருக்கிறது. நோய் ஊரைப் பொறுத்து மாறும் என்பதை அந்தத் தலைப்பே சொல்லிவிடுகிறது. அவர்கள் விரல் நீட்டியது வரட்டி மேல். ஜன்னல் இல்லாத அறையில் வரட்டியும் விறகும் எரித்து, சின்ன வயதிலிருந்தே அடுப்பு முன்னால் குந்தி உட்கார்ந்த பெண்ணின் நுரையீரல் சுரங்கத் தொழிலாளியின் நுரையீரலுக்கு அண்ணன் தம்பி. அதன் பின்னால் அதே வலது இதயம்.

வீட்டுப் புகை நோய் உண்டாக்கும் என்பதை உலகச் சுகாதார நிறுவனம் இன்று கோடிக்கணக்கானவர்களின் பிரச்சினையாகப் பேசுகிறது. இலவச கேஸ் இணைப்புக்கு விளம்பரம் வருகிறது. அதற்கு ஐம்பது அறுபது வருடம் முன்பே இதைக் கையில் பிடித்தவர்களில் ஒருவர் பத்மாவதி. பெண்கள் வார்டில் வேலை பார்த்ததால்தான் அது அவர் கண்ணில் பட்டது. ஆண்கள் வார்டில் மட்டும் சுற்றி வந்திருந்தால் புத்தகம் சொன்னதே சரி என்று எழுதிவிட்டுப் போயிருப்பார்.

இதைத் தங்கவயலின் லைன் வீடுகளுக்குக் கொண்டுவந்து பாருங்கள். வரிசையாகக் கட்டிய ஒற்றை அறை வீடுகள்; ஆரம்பத்தில் மூங்கில் தட்டி, பிறகு தகரமும் கல்லும். படுப்பதும் சமைப்பதும் ஒரே இடத்தில். கணவர் சுரங்கத்தில் தூசியை விழுங்கிவிட்டு வருவார், மனைவி அடுப்பில் புகையை விழுங்குவாள். கணவரையாவது எக்ஸ்ரே எடுத்து ஒரு சதவீதத்தில் சேர்த்தார்கள். தங்கவயலின் பெண்களை அப்படி எண்ணிய கணக்கு எதையும் நான் படித்ததில்லை.

பத்மாவதி 1981-இல் டெல்லியில் தேசிய இதய நிலையத்தைத் தொடங்கினார். பத்ம விபூஷண் வாங்கினார். தொண்ணூறு வயதைத் தாண்டியும் நோயாளிகளைப் பார்த்தார். 2020 ஆகஸ்டில், நூற்று மூன்று வயதில், கொரோனாவில் இறந்தார். நுரையீரல் நோய்தான்.

தென்னாப்பிரிக்காவில் திறந்து பார்த்தார்கள்

சிலிக்கோசிஸ் வந்த தங்கச் சுரங்கத் தொழிலாளிக்கு இதயம் தளரும் என்பதை எப்படி நிரூபிப்பது? அவர் பீடியும் பிடித்திருப்பாரே, காசநோயும் வந்திருக்குமே, ரத்தக்கொதிப்பும் இருக்குமே என்று கம்பெனி வக்கீல் கேட்பார். இதற்குத் தென்னாப்பிரிக்காவில் ஒரு வழி இருந்தது. சுரங்கத் தொழிலாளி எந்தக் காரணத்தால் இறந்தாலும், குடும்பம் ஒப்புக்கொண்டால், நுரையீரலையும் இதயத்தையும் எடுத்து ஜோகன்னஸ்பர்க்குக்கு அனுப்புவார்கள். நோய் உறுதியானால் குடும்பத்துக்கு இழப்பீடு. அப்படிச் சேர்ந்த உறுப்புகளை வைத்து ஜில் மரேயும் அவருடன் இருந்தவர்களும் 1993-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வலது இதயம் பெருத்திருந்தவர்களையும் பெருக்காதவர்களையும் ஒப்பிட்டார்கள். சிலிக்கோசிஸ் எவ்வளவு பரவியிருந்ததோ அவ்வளவுக்கு இதய நோய்க்கான வாய்ப்பும் ஏறியிருந்தது.

அந்த நாட்டின் நிறப் பாகுபாட்டோடு வளர்ந்த ஏற்பாடு அது. இழப்பீட்டிலும் கறுப்பருக்கு ஒரு தொகை, வெள்ளையருக்கு ஒரு தொகை என்று வைத்திருந்தார்கள். அதைப் புகழ்வதற்கில்லை. ஆனாலும் அந்த இதயங்களை யாரோ எடை போட்டு எழுதிவைத்தார்கள். தங்கவயலில் இறந்தவரின் இதயம் அவரோடு மண்ணுக்குள் போய்விட்டது.

இதே தங்கவயல் சுரங்கம் வேறொரு விஞ்ஞானத்துக்கு உலகப் புகழ் பெற்றது. 1965-இல், ஏழாயிரத்து ஐநூறு அடி ஆழத்தில், டாடா ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானிகள் ஜப்பானியரோடும் ஆங்கிலேயரோடும் சேர்ந்து வானிலிருந்து வரும் நியூட்ரினோவின் தடத்தைப் பிடித்தார்கள். பூமியையே துளைத்துக்கொண்டு போகும் துகள் அது. மனித உடம்பில் ஒரு கீறல்கூட விழாது. அதைப் பிடிக்க மூன்று நாட்டுக் கருவிகள் கீழே இறங்கின. உடம்பில் தங்கிவிடும் துகளைப் பிடிக்க ஒரு எக்ஸ்ரே கருவி மேலேயே இருந்தது. நான் இயற்பியல்காரர்களைக் குறை சொல்லவில்லை. கணக்கில் எது ஏறுகிறது என்பதைச் சொல்கிறேன்.

ஆறு மணி நேரம்

2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்டது. அதற்குப் பிறகு வந்த தலைமுறைக்குத் தூசி இல்லை. அவர்களுக்கு வேறு இதய நோய்: சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, மாரடைப்பு. விடியற்காலையில் மாரிக்குப்பத்தில் ரயில் ஏறி, பங்காரப்பேட்டை வழியாகப் பெங்களூர் போய், ஆபீஸ் வாசலில் காவல் காத்தோ கட்டட வேலை செய்தோ, இருட்டிய பிறகு வீடு திரும்பும் வாழ்க்கை. ஸ்வர்ணா ரயிலில் உட்கார இடம் கிடைத்தால் அன்றைய அதிர்ஷ்டம்.

இந்தப் புதிய இதய நோயைப் பற்றிய முக்கியமான ஆராய்ச்சிகள் அந்த ரயில் போய்ச் சேரும் ஊரிலிருந்துதான் வந்தன. பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் படித்த சலீம் யூசுஃப் கனடாவில் உட்கார்ந்து 52 நாடுகளில் 'இன்டர்ஹார்ட்' ஆய்வை நடத்தினார். 2004-இல் வந்தது. தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதில் வருகிறது. மற்றவர்களைவிட ஐந்தாறு வருடம் முன்னால். காரணங்களோ எல்லா நாட்டுக்கும் பொதுவான அதே ஒன்பது: புகை, கொழுப்பு, கொதிப்பு, சர்க்கரை, தொப்பை, மன அழுத்தம் என்று போகும் பட்டியல். 'நம்ம ரத்தமே அப்படி' என்று விதி மேல் பழி போட அந்த ஆய்வு இடம் வைக்கவில்லை.

அதே செயின்ட் ஜான்ஸின் டெனிஸ் சேவியரும் பிரேம் பாயஸும் 2008-இல் 'லான்செட்' இதழில் 'கிரியேட்' என்ற பதிவேட்டை வெளியிட்டார்கள். 89 மருத்துவமனைகள், இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள். நெஞ்சு வலி தொடங்கி மருத்துவமனை வாசலைத் தொட ஆன நேரத்தில் நடு மதிப்பு 360 நிமிடம். ஆறு மணி நேரம். ரத்தக்குழாய் அடைபட்ட பிறகு தசை சாக ஆரம்பித்துவிடும். ஆறு மணி நேரத்தில் பெரும்பகுதி போய்விடும். போன தசை திரும்ப வராது. உயிர் பிழைத்தவர் இரண்டு வருடம் கழித்து இதயத் தளர்ச்சியோடு அதே மருத்துவமனைக்கு வருவார்.

கிரியேட்டில் என்னைப் பிடித்து நிறுத்திய எண் அதுவும் இல்லை. முப்பது நாளுக்குள் இறந்தவர்கள், வசதியானவர்களில் நூற்றுக்கு 5.5, ஏழைகளில் 8.2. இதற்கு என்ன காரணம்? ஏழையின் இதயம் பலவீனமா? ஆய்வாளர்கள் கணக்கைத் திருப்பிப் போட்டார்கள். கொடுத்த சிகிச்சையின் வித்தியாசத்தை நீக்கிவிட்டுப் பார்த்தால் சாவின் வித்தியாசமும் காணாமல் போனது. அதே ஊசி, அதே மாத்திரை கொடுத்திருந்தால் இவரும் அவர் அளவுக்குப் பிழைத்திருப்பார்.

இதை மாற்ற முடியும் என்று தமிழ்நாடு காட்டியது. கோவையின் தாமஸ் அலெக்சாண்டரும் சென்னையின் அஜித் முள்ளசாரியும் சிறிய மருத்துவமனைகளைப் பெரிய மருத்துவமனையோடு கோத்து ஓர் ஏற்பாடு செய்தார்கள். கிராமத்தில் ஈசிஜி எடுப்பார்கள், நகரத்தில் இருக்கும் நிபுணர் அதைத் திரையில் பார்ப்பார், கட்டியைக் கரைக்கும் ஊசி அங்கேயே போடப்படும், அப்புறம் ஆம்புலன்ஸ். 2,420 நோயாளிகளை வைத்து 2017-இல் வெளியான முடிவில் ஒரு வருடச் சாவு 17.6 சதவீதத்திலிருந்து 14.2-க்கு இறங்கியிருந்தது. கர்நாடகத்திலும் அதே வழியில், 46 வயதில் இறந்துபோன நடிகர் புனீத் ராஜ்குமாரின் பெயரில், ஜெயதேவா மருத்துவமனையை மையமாக வைத்து ஒரு திட்டம் ஓடுகிறது. தங்கவயல்காரருக்கு இது முக்கியம். நெஞ்சு வலியோடு நூறு கிலோமீட்டர் போக வேண்டுமா, ஊரிலேயே முதல் ஊசி கிடைக்குமா என்பதில்தான் உயிர் இருக்கிறது.

'என்ன வேலை பார்த்தீங்க?'

இதயத் தளர்ச்சியை இந்தியாவில் ஒழுங்காக எண்ண ஆரம்பித்து அதிக நாள் ஆகவில்லை. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்ரா நிலையத்தின் ஹரிகிருஷ்ணன் 2013-இல் 1,205 நோயாளிகளோடு ஒரு பதிவேடு தொடங்கினார். சராசரி வயது 61. மேல்நாட்டைவிடப் பத்து வருடம் குறைவு. ஐந்து வருடத்தில் பாதிக்கு மேல் இறந்துவிட்டார்கள். பிறகு அவரும் மற்றவர்களும் நாடு முழுக்க 53 மருத்துவமனைகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பதிவு செய்தார்கள். பத்தில் ஏழு பேருக்கு மூல காரணம் மாரடைப்பும் ரத்தக்குழாய் அடைப்பும். நோயாளிக்குக் கிடைக்க வேண்டிய மருந்துகள் பாதிப் பேருக்குக்கூட முழுசாகக் கிடைக்கவில்லை.

அருமையான வேலை. ஆனால் இந்த மாதிரிப் பதிவேடுகள் பெரிய மருத்துவமனைகளின் இதயப் பிரிவில் எடுக்கப்படுகின்றன. சிலிக்கோசிஸ் வந்தவர் இதயப் பிரிவுக்குப் போவதில்லை. நுரையீரல் பிரிவுக்குப் போவார், அல்லது காசநோய் மருந்தை இரண்டாவது, மூன்றாவது தடவையாகச் சாப்பிட்டுக்கொண்டு வீட்டில் கிடப்பார். இடது இதயம் கணக்கில் ஏறிவிட்டது. வலது இதயம் இன்னும் வராந்தாவில் நிற்கிறது.

மருந்திலும் இதே கதைதான். கடந்த பத்து வருடத்தில் இதயத் தளர்ச்சிக்கு வந்த புது மாத்திரைகள் எல்லாம் இடது கீழறைக்காகச் சோதிக்கப்பட்டவை. சர்க்கரைக்கென்று வந்து இதயத்துக்கும் நல்லது என்று தெரிந்த மாத்திரைகள் உட்பட. நுரையீரலால் தளர்ந்த வலது இதயத்துக்கு அவை உயிர் நீட்டித் தரும் என்று காட்டிய ஆய்வு இல்லை. நீரை இறக்கும் மாத்திரை கொடுக்கலாம்; காசநோய் இருந்தால் குணப்படுத்தலாம். மற்றபடி கையில் இருப்பது ஆக்ஸிஜன். 1980-இலும் 1981-இலும் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் நடந்த இரண்டு ஆய்வுகள், நாள்பட்ட மூச்சடைப்பு நோயால் ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைந்தவர்களுக்கு வீட்டிலேயே தினம் பதினைந்து மணி நேரத்துக்கு மேல் ஆக்ஸிஜன் கொடுத்தால் அதிக நாள் இருப்பார்கள் என்று காட்டின. பீடி சிகரெட்டால் வந்த நோய்க்கு நடத்திய ஆய்வு அது. சிலிக்கோசிஸுக்கும் அதையே கடன் வாங்கித்தான் எழுதித் தருகிறார்கள்.

1700-இல் இத்தாலியில் பெர்னார்தினோ ராமாஸ்ஸினி என்ற மருத்துவர், நோயாளியிடம் கேட்கும் கேள்விகளோடு இன்னொன்றையும் சேர்க்கச் சொன்னார்: உன் தொழில் என்ன? இன்று மருத்துவப் படிவங்களில் அதற்கு ஒரு கட்டம் இருக்கிறது. எழுபது வயதுக்காரர் வந்தால் அதில் 'ரிட்டையர்டு' என்று எழுதிவிடுகிறார்கள். எங்கே, எந்தச் சுரங்கம், கீழேயா மேலேயா, டிரில்லரா டிராலியா, தண்ணீர் விட்டுத் துளைத்தார்களா காய்ந்த கல்லையா, எத்தனை வருடம் என்று கேட்க அந்தக் கட்டத்தில் இடம் போதாது. பெண் என்றால் 'ஹவுஸ்வைஃப்'. எந்த அடுப்பு என்று யாரும் கேட்பதில்லை. ராஜஸ்தான் அரசு 2019-இல் தூசி நோய்களுக்கென்று தனிக் கொள்கை கொண்டுவந்து இழப்பீட்டுக்கு வழி செய்தது. அங்கே மணற்கல் வெட்டும் தொழிலாளர்கள் விடாமல் கேட்டு வாங்கியது. தங்கவயலில் கேட்க வேண்டியவர்களுக்குச் சுரங்கமே இல்லாமல் போய்விட்டது.

சேம்பியன் ரீஃப்ஸில் சுரங்கத்தின் பெரிய ஆஸ்பத்திரி ஒன்று உண்டு. சுற்று வட்டாரத்தில் அது மாதிரி இல்லை என்று பெயர் வாங்கியிருந்தது. சுரங்கத்தோடு அதுவும் மூடிக்கிடந்தது. 2021-இல் கொரோனாவின் இரண்டாவது அலை வந்தபோது ஊர்க்காரர்கள் பூட்டைத் திறந்தார்கள். இளைஞர்களும் வயதானவர்களும் துடைப்பமும் வாளியும் எடுத்துக்கொண்டு வந்து, வார்டு வார்டாக, இருபது வருடத் தூசியைத் தண்ணீர் விட்டுக் கழுவினார்கள். சில நாட்களில் கட்டில்கள் போட்டாயிற்று. நாட்டில் எல்லா ஊரையும் போல அந்த மே மாதத்தில் தங்கவயலும் பேசியது ஒரே பொருளைப் பற்றித்தான். ஆக்ஸிஜன் எங்கே கிடைக்கும், எத்தனை சிலிண்டர் இருக்கிறது, இன்னும் எத்தனை மணி நேரம் தாங்கும்.